பெண்ணுடலும் காமமும் கலையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறும்படம் எடுப்பவர்களும் ஓவியம் பயில்பவர்களும் கதை, கவிதை எழுதுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெண்ணுடலை மதிப்போடு காட்டுவது என்றதும் பேச்சு பெரும்பாலும் எத்தனை அங்குலத் துணி என்பதில் போய் நின்றுவிடுகிறது. இந்தப் பக்கம் வேறோர் அளவுகோலை வைத்துக்கொள்கிறது. சித்திரிக்கப்படும் பெண்ணுக்குப் படைப்புக்குள் விருப்பமும் மறுப்பும் உண்டா, அவளாக நடிப்பவருக்கோ மாடலாக அமர்பவருக்கோ படைப்புக்கு வெளியே அவை இருந்தனவா என்பதே அந்த அளவுகோல்.

உடல் திறந்து தெரிந்தாலே அது அவமதிப்பு ஆகிவிடாதா?

ஆகாது. கொள்ளைக் கூட்டத் தலைவியாக அறியப்பட்ட பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொன்ன ‘பேண்டிட் குயின்’ படத்தில், அவர் ஊரார் முன்னிலையில் ஆடையின்றி நடத்திவரப்படும் காட்சி வழக்குக்கு உள்ளானது. அந்த நிர்வாணம் காமத்தைத் தூண்ட வைக்கப்பட்டதில்லை, அவர்மீது பரிவையும் அவரை அப்படி நடத்தியவர்கள்மீது அருவருப்பையும் எழுப்பவே வைக்கப்பட்டது என்று கூறி, 1996இல் உச்ச நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. ஆடையின்மையைப் பொறுத்தவரை அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து.

ஆனால் அதே படத்தை அதற்கு முன்பே பூலான் தேவி எதிர்த்திருந்தார். உயிரோடு இருக்கும் தமக்கு நேர்ந்த வன்கொடுமையைத் தம் ஒப்புதல் பெறாமல் திரையில் காட்டினார்கள் என்பது அவருடைய முறையீடு. பிற்பாடு அது சமரசத்தில் முடிந்தது. ஒரு படம் ஒரே காட்சியில் பெண்ணின் துயரத்துக்கு நியாயம் செய்துகொண்டே, அந்தத் துயரத்துக்கு உரியவரைக் கேட்காமல் விட்டுவிடவும் முடியும் என்பதை இந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று குறைவு. எதிர்ப்பக்கத்தில், கழுத்துவரை போர்த்திய கதாநாயகியை, திமிர் பிடித்தவள், அடங்க வேண்டியவள், அறைந்தால் காதலிப்பவள் என்று இரண்டரை மணி நேரம் சொல்லும் படங்கள் ஒரு வெட்டும் இல்லாமல் சான்றிதழ் பெற்றுக் குடும்பத்தோடு பார்க்கப்பட்டிருக்கின்றன.

காமத்தை வெளிப்படையாகப் பேசுவது மேல்நாட்டு இறக்குமதி என்கிறார்களே?

சங்க இலக்கியத்தைப் பள்ளிப் பாடநூலோடு நிறுத்திக்கொண்டவர்கள் அப்படிச் சொல்லக்கூடும். குறுந்தொகையின் 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார், கன்றும் உண்ணாமல் கலத்திலும் கறக்கப்படாமல் நிலத்தில் சிந்திப்போகும் நல்ல பசுவின் பாலைப்போல, தன் மேனியின் அழகு பசலை (பிரிவுத்துயரால் உடலில் படரும் நிறமாற்றம்) தின்னக் கிடக்கிறது என்கிறார். அந்த அழகு ‘எனக்கும் ஆகாது’ என்று முதலில் வருகிறது. ‘என் ஐக்கும் உதவாது’ என்று தலைவன் அதற்குப் பிறகுதான் வருகிறான். தன் உடலின் இன்பத்தில் முதல் பங்கு தனக்கு என்று ஒரு பெண் எந்தத் தற்காப்பும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு இது.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இன்னும் நேரடியானது. தேவர்களுக்கு என்று வேள்வியில் வகுத்த அவியைக் காட்டில் திரியும் நரி புகுந்து முகர்வதுபோல, ஆழியும் சங்கும் ஏந்தியவனுக்கென்று எழுந்த தன் தடமுலைகளை ‘மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்’ என்று மன்மதனிடமே அவள் சொல்கிறாள். ஆசையையும் மறுப்பையும் ஒரே மூச்சில் சொன்ன பாசுரம் அது. மார்கழி முழுக்கத் திருப்பாவை ஒலிக்கும் வீடுகளில் இந்தப் பாசுரம் ஏன் அவ்வளவாக ஒலிப்பதில்லை என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த பெண் கவிஞர் முத்துப்பழனி, ராதையின் காமத்தையும் ஊடலையும் மையமாக வைத்து ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். பின்னாளில் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூரு நாகரத்தினம்மாள்தான், அதுவரை வெட்டிச் சுருக்கிக் கிடந்த அந்நூலை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆண் புலவர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியதைப் போற்றுகிறவர்கள் ஒரு பெண் எழுதியதும் முகம் சுளிப்பது ஏன் என்பது அவருடைய கேள்வி. பிரிட்டிஷ் அரசு அந்நூலை ஆபாசம் என்று தடை செய்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரகாசம் சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை வகித்தபோதுதான் தடை நீங்கியது.

இவற்றைக் காட்டி மரபு முழுவதும் மாசற்றது என்று வாதிடவும் முடியாது. உலா இலக்கியத்தில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் வீதியில் வரும் மன்னனைக் கண்டு வளை நெகிழ்ந்து நிற்பார்கள்; ஒருத்திகூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவதில்லை. பேதைக்கு வயது ஐந்து முதல் ஏழு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாட்டுடைத் தலைவனின் பெருமையை அளக்கும் கருவியாகப் பெண்ணுடலைப் பயன்படுத்தும் வழக்கத்தைச் சினிமா புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

கேமரா இடுப்பு, கால், உதடு என்று துண்டுதுண்டாகக் காட்டுவதில் என்ன குறை? பாதம் முதல் கூந்தல் வரை பாடும் நம் பாதாதிகேச வருணனையும் அதுதானே?

நல்ல கேள்வி. திரையில் ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் அமைவதைப் பற்றி 1975இல் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, உடலைப் பகுதி பகுதியாகக் காட்டுவதே குற்றம் என்ற எளிய முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள். அது போதாது. திருப்பாணாழ்வார் ‘அமலனாதிபிரான்’ பதிகத்தில் அரங்கனைத் திருவடியில் தொடங்கி ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண் என்று உறுப்பு உறுப்பாகத்தான் காண்கிறார். ஆனால் ஒவ்வொரு உறுப்பும் பார்ப்பவரைப் பிடித்து இழுக்கிறது. கடைசியில் ‘என் அமுதினைக் கண்ட கண்கள் மற்றொன்றினைக் காணாவே’ என்று கண்ணை இழப்பவர் பார்த்தவர்தான். பார்க்கப்படுபவனிடம் ஆற்றல் கூடிக்கொண்டே போகிறது.

வழக்கமான நாயகி அறிமுகக் காட்சியை இதனோடு வைத்துப் பாருங்கள். கொலுசு, கணுக்கால், ஈரமான இடுப்பு, கூந்தல், பிறகு மெதுவாகத் திரும்பும் முகம். அந்த முகமும் நாயகனைப் பார்த்த கணத்தில் நாணிக் கவிழ்கிறது. அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள், கையில் இருந்தது என்ன, எதை நினைத்தாள் என்பது காட்சியில் இல்லை. படத்தொகுப்பு அறையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. பாட்டின் ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டிலும் அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு வினைச்சொல்லை எழுதிக்கொண்டு வாருங்கள். நடக்கிறாள், எடுக்கிறாள், தேடுகிறாள் என்று எழுத முடிகிற ஷாட்டுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தெரிகிறாள், தெரிகிறாள், தெரிகிறாள் என்று வரிசையாக வந்தால் சிக்கல் எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

குத்துப்பாட்டே கூடாது என்பதா?

அப்படி ஒரு தடை யாருக்கும் பயன்படாது. ஆட்டத்தில் தேர்ந்த ஒரு பெண் தன் உடலின் வலிமையையும் கவர்ச்சியையும் அனுபவித்து ஆடுவது கூத்திலும் கரகத்திலும் உள்ள இன்பம்தான். அந்தப் பாட்டில் சுற்றி நிற்கும் ஐம்பது ஆண்களும் அவளை நோக்கிக் கை நீட்டுபவர்களாக மட்டும் இருக்கிறார்களா, வரிகள் அவளைத் தின்பண்டத்தோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு எதையாவது சொல்கின்றனவா என்று பாருங்கள்.

ஆசை என்றாலே இளமையும் கட்டழகுமான உடலைத்தான் காட்ட வேண்டுமா?

நம் சிற்பிகள் அப்படி நினைக்கவில்லை. காரைக்கால் அம்மையார் தம் உடலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர். அந்த உருவைத் தாமே ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து குண்டுகண் வெண்பற் குழிவயிற்று’ என்று பாடினார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய சோழர் காலச் செப்புத் திருமேனி, ஏறத்தாழ ஒரு சாண் உயரம்தான் இருக்கும். தளர்ந்து தொங்கும் முலைகள், தோலுக்கு மேலே தெரியும் எலும்பு, கையில் தாளம், அமர்ந்த நிலை. வடித்தவர் எதையும் மறைக்கவில்லை, இரக்கத்தையும் கோரவில்லை. அந்த உருவம் பாட்டில் முழுகியிருக்கிறது, நாம் பார்க்கிறோமா என்ற கவலை அதற்கு இல்லை. கங்கைகொண்டசோழபுரத்திலும் ஆடவல்லானின் அருகே இதே அம்மையார் இருக்கிறார். முதிய பெண்ணின் உடலைச் சிரிப்புக்கோ அருவருப்புக்கோ மட்டும் பயன்படுத்தும் இன்றைய நகைச்சுவைக் காட்சிகளை எழுதுகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வருவது நல்லது.

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தில் நாம் காணும் அம்மன் படிமங்கள் கோயிலில் பட்டும் பூவும் நகையும் சாத்தப்பட்டுத்தான் வெளியே வரும்; அலங்காரம் நடக்கும்போது திரை போடுவார்கள். எனவே, சோழர் படிமமே திறந்த மார்போடு இருக்கிறதே என்பதை மட்டும் வாதமாக வைப்பவர்கள், அந்தப் படிமம் யாருக்கு, எப்போது, எந்த முறையில் காட்டப்பட்டது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

அப்படியானால் பாரம்பரிய உடை என்பதை ஓர் அளவாகக் கொள்ளலாமா?

எந்தக் காலத்துப் பாரம்பரியம், யாருடைய பாரம்பரியம் என்று கேட்க வேண்டியிருக்கும். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி அடிபட்டிருக்கிறார்கள். 1859இல் அரசர் பிறப்பித்த ஆணை மார்பை மூட அனுமதித்ததோடு, உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் விட்டுவைத்தது. மூடச் சொல்வதும் திறக்கச் சொல்வதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு ஆணைகளாக இருந்த வரலாறு அது. ரவி வர்மா எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, 1894இல் தொடங்கிய அச்சகத்தின் வழியே வீடுகளுக்குப் போன சேலை கட்டிய தேவியர்தான் பலருக்கும் ‘எப்போதும் இருந்த’ உடையாக மனத்தில் பதிந்திருக்கிறார்கள்.

சட்டம் எதைத் தடுக்கிறது? கோயில் சிற்பத்துக்கு ஒரு நீதி, என் ஓவியத்துக்கு வேறு நீதியா?

இந்தியாவில் ஆபாசம் பற்றிய பழைய பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்தின் 292. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு. பழங்கால நினைவுச் சின்னங்களிலும் கோயில்களிலும் உள்ள உருவங்களுக்கு அதில் வெளிப்படையான விலக்கு உண்டு. அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றின் நலனுக்காகப் பொது நன்மை கருதி நியாயப்படுத்தக்கூடிய படைப்புகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே உங்கள் ஓவியத்துக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் வழக்கு வந்தால் அதை நீங்கள் வாதிட்டு நிறுவ வேண்டும்.

நீதிமன்றங்கள் ஆபாசத்தை அளந்த முறையும் மாறியிருக்கிறது. 1965இல் உச்ச நீதிமன்றம், எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தை அளவாக வைக்கும் விக்டோரியா காலத்து ‘ஹிக்ளின்’ சோதனையைப் பின்பற்றியது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி இருந்த ஒரு படத்தை இந்திய இதழ்கள் மறுவெளியீடு செய்தது குறித்த வழக்கில், 2014இல் அதே நீதிமன்றம் அந்தச் சோதனையைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டு படைப்பை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றது. நிறவெறிக்கு எதிரான செய்தியைத் தாங்கிய படம் என்ற சூழலும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இதற்கு அப்பால், பெண்களை இழிவாகச் சித்திரித்தலைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விளம்பரம், நூல், ஓவியம், புகைப்படம் ஆகியவை அதன் வரம்புக்குள் வரும். தணிக்கைக்கு உட்பட்ட திரைப்படம் வராது. அந்தச் சட்டத்தின் குறை, பெண்ணை இழிவுபடுத்துவதையும் பொது ஒழுக்கத்தைக் கெடுப்பதையும் ஒரே வரையறைக்குள் போட்டுக் கலந்தது. முன்னது பெண்ணுக்கு நேரும் தீங்கு. பின்னது பார்ப்பவரின் கூச்சம். சட்டம் கலந்து வைத்திருக்கிறது என்பதற்காகக் கலைஞரும் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

பாலியல் வன்முறையைக் காட்டாமல் அதை எதிர்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். தணிக்கை வாரியத்துக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டுதலே, இத்தகைய காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு இன்றியமையாதவை என்றால் மிகக் குறைவாக, விவரங்களைக் காட்டாமல் வைக்க வேண்டும் என்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வன்கொடுமைக் காட்சியைச் சுவரொட்டியில் போட்டே படத்தை விற்ற பழக்கத்தை நினைவுள்ளவர்களுக்கு இந்த விதி ஏன் வந்தது என்று புரியும்.

விதியைவிடக் கேமரா நிற்கும் இடம் முக்கியமானது. வன்கொடுமை செய்பவனின் தோளுக்குப் பின்னாலிருந்து கீழே கிடக்கும் பெண்ணைப் பார்க்கும் கோணத்தைத் தேர்ந்தெடுத்தால், வசனம் எவ்வளவு கண்டித்தாலும் பார்வையாளர் நிற்கும் இடம் அவனுடையது. கிழிந்த ரவிக்கை, கசங்கிய பூ, இடி மின்னல் ஆகியவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கைக்காக அவள் மூன்று பேரிடம் ஒரே செய்தியைச் சொல்ல நேர்வதையும், மருத்துவப் பரிசோதனை அறையின் வெளிச்சத்தையும், வீட்டில் யாரும் அவள் கண்ணைப் பார்க்காமல் சோறு போடுவதையும் காட்டத் திரைக்கதையில் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பழிவாங்கும் நாயகனுக்குக் கொடுத்துவிடுவதால்தான் வன்முறைக் காட்சியே அவளுடைய ஒரே காட்சியாகிவிடுகிறது.

நடிகை ஒப்புக்கொண்டுதானே நடிக்கிறார்? அதற்கு மேல் என்ன வேண்டும்?

எதற்கு ஒப்புக்கொண்டார் என்பது வேண்டும். 1972இல் வெளியான ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ படப்பிடிப்பின்போது நடிகை மரியா ஷ்னைடருக்கு வயது 19. அப்படத்தின் வன்புணர்ச்சிக் காட்சி நடிப்புத்தான். ஆனால் அதில் வெண்ணெயைப் பயன்படுத்தும் விவரத்தை இயக்குநர் பெர்டோலூச்சியும் நடிகர் பிராண்டோவும் அன்று காலையில் முடிவு செய்து அவரிடம் சொல்லாமல் விட்டார்கள். நடிகையாக அல்லாமல் ஒரு பெண்ணாக அவர் எப்படி எதிர்வினை செய்வார் என்பது வேண்டியிருந்தது என்று இயக்குநர் பிற்காலத்தில் சொன்னார். அந்தக் கண்ணீர் நடிப்பில்லை, தாம் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்தேன் என்று ஷ்னைடர் 2007இல் சொன்னார். நடிப்பைத் தொழிலாகக் கொண்டவரிடம் நடிக்கச் சொல்லாமல் உண்மையாகவே புண்படுத்திப் படம்பிடிப்பதைக் கலைத்துணிவு என்று பாராட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அண்டை மாநிலத்தின் சான்றும் உள்ளது. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017இல் அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019இல் கொடுக்கப்பட்டு 2024 ஆகஸ்டில்தான் வெளியானது. நெருக்கமான காட்சிகள் பற்றி முன்கூட்டியே முழுமையாகச் சொல்லாமல், படப்பிடிப்பு தொடங்கிய பிறகு பேசியதற்கு மேல் நடிக்க வற்புறுத்துவதும் அதில் பதிவாகியிருக்கிறது. பாதிப் படம் முடிந்தபின் ‘முடியாது’ என்றால் பணமும் பெயரும் போகும் என்ற நிலையில் கிடைக்கும் தலையசைப்பைச் சம்மதம் என்று எண்ணக் கூடாது.

இதற்கான தொழில்முறை ஏற்பாடு இப்போது இருக்கிறது. 2018 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களிலும், அதன்பின் இந்தியிலும், நெருக்கக் காட்சிகளை ஒருங்கிணைக்கத் தனியாக ஒருவர் அமர்த்தப்படுகிறார். சண்டைக் காட்சிக்கு ஸ்டண்ட் மாஸ்டர் எப்படியோ அப்படித்தான் இவரும். திரைக்கதையில் ‘அவர்கள் நெருங்குகிறார்கள்’ என்று ஒரு வரியாக இருப்பதை, எந்தக் கை எங்கே படும், எந்த இடத்தில் கேமரா நிற்கும், உடலின் எந்தப் பகுதி சட்டகத்துக்குள் வரும் என்று பிரித்து எழுதி, நடிப்பவர்களிடம் தனித்தனியாகப் பேசி, எழுத்தில் ஒப்புதல் பெற்று, நடன அசைவுபோல ஒத்திகை பார்க்கிறார்கள். தோல்நிறத் துணியும் ஒட்டுநாடாவும் நடுவே வைக்கும் மெல்லிய தடுப்பும் முன்பே தயாராக இருக்கும். தளத்தில் தேவையானவர்கள் மட்டும் இருப்பார்கள். மற்ற இடங்களில் உள்ள மானிட்டர்கள் அணைக்கப்படும். கைபேசிகள் வெளியே போய்விடும்.

பட்ஜெட் இல்லாத குறும்படக்காரர்கள் இதைப் பெரிய பட ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. காட்சியை எழுத்தில் கொடுப்பது, ஒரு நாள் யோசிக்க விடுவது, இயக்குநரோ தயாரிப்பாளரோ அல்லாத ஒருவரிடம் நடிகை தயக்கத்தைச் சொல்ல வழி வைப்பது ஆகிய மூன்றுக்கும் செலவில்லை. ஆண் நடிகருக்கும் இது முழுமையாகப் பொருந்தும்.

ஓவியக் கல்லூரியில் மாடலை வைத்து வரைவதற்கும் இதே முறைதானா?

அடிப்படையில் இதேதான். உடை மாற்றத் தனி மறைவிடம், இத்தனை நிமிடத்துக்கு ஒரு ஓய்வு என்ற ஏற்பாடு, ஓய்வின்போது போர்த்திக்கொள்ளத் துணி, வகுப்பில் இல்லாதவர்கள் உள்ளே வராமல் இருப்பது, அனுமதியின்றித் தொடாமல் வாயால் மட்டும் நிலையைத் திருத்துவது ஆகியவை பழைய நடைமுறைகள். புகைப்படத்துக்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். வரைய அமர்ந்தவர் படமெடுக்க ஒப்பவில்லை என்றால் அது அத்தோடு முடிந்தது.

பெண்ணே எழுதினால், பெண்ணே இயக்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

தானாகத் தீராது; வணிகக் கணக்குக்கு ஆண், பெண் பேதம் இல்லை. ஆனால் பெண் எழுதும்போது வரும் எதிர்ப்பின் தன்மையைக் கவனிக்க வேண்டும். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோதும், அதே காலத்தில் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோர் எழுதியபோதும் தமிழ்ச் சூழலில் எழுந்த ஆத்திரம், அதே உறுப்புகளைப் பல்லாயிரம் ஆண் பாடல்கள் வருணித்தபோது எழவில்லை. சொல் மாறவில்லை, சொல்கிறவர் மாறியிருந்தார்.

உண்மையில் நடந்த உறவைக் கதையாக எழுதலாமா?

அகத்திணைக்குத் தொல்காப்பியம் வைத்த விதி ஒன்று இங்கே உதவும்: ‘சுட்டி ஒருவர்ப் பெயர் கொளப் பெறாஅர்’. காதலைப் பாடு, காமத்தைப் பாடு, இன்னார் என்று அடையாளம் தெரியப் பாடாதே என்பது அதன் பொருள். பெயரை மட்டும் மாற்றி, அவர் படித்த கல்லூரியையும் வேலை பார்த்த அலுவலகத்தையும் அப்படியே விட்டுவைத்தால் அந்த விதி மீறப்பட்டதாகவே கொள்ள வேண்டும். உங்கள் வாழ்க்கையை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய உடலை ஊருக்குச் சொல்ல இல்லை.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் படத்தில் எந்த உண்மைப் பெண்ணும் இல்லையே?

முகம் உண்மையானதாக இருந்தால் பெண்ணும் உண்மையானவர்தான். 2023 நவம்பரில் ஒரு பெண்ணின் காணொளியில் ஒரு தென்னிந்திய நடிகையின் முகத்தைப் பொருத்திப் பரப்பியபோது, முகத்துக்கு உரியவரும் உடலுக்கு உரியவரும் ஆக இருவரும் பாதிக்கப்பட்டார்கள். இரண்டாமவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. இத்தகைய படங்களைப் புகார் வந்ததும் நீக்கும் கடமை 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்களுக்கு உண்டு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரைப் பாலியல் நோக்கில் சித்திரிப்பதற்குக் கலை என்ற விலக்கை யாரும் கோர வேண்டாம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கணினியில் உருவாக்கிய உருவத்தையும் விட்டுவைக்கவில்லை.

படம் முடிந்த பிறகு நடிகையோ மாடலோ மனம் மாறினால்?

எடுப்பதற்குக் கொடுத்த ஒப்புதல் பரப்புவதற்குக் கொடுத்த ஒப்புதல் ஆகாது என்ற கொள்கை நம் குற்றவியல் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, ஒரு பெண் தன் அந்தரங்கச் செயலைப் படம்பிடிக்க ஒப்பி, மற்றவர்களிடம் போகக்கூடாது என்று எண்ணியிருந்தால், அதைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. தொழில்முறைப் படத்தில் இது ஒப்பந்தத்தால் தீர்க்கப்பட வேண்டியது. இறுதி வடிவத்தின் அந்தப் பகுதியை வெளியீட்டுக்கு முன் அவருக்குக் காட்டுவது, முன்னோட்டத்திலும் சுவரொட்டியிலும் அந்தக் காட்சியைப் பயன்படுத்தத் தனி அனுமதி, பயன்படுத்தாத துண்டுகளை எந்தத் தேதிக்குள் யார் அழிப்பது என்பது ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டால் பெரும்பாலான தகராறுகள் எழாது. எழுதாமல் விட்டிருந்து, வெளியீட்டுக்கு முன் அவர் வேண்டாம் என்றால், அந்த ஷாட்டை எடுத்துவிட்டுப் படத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கதை நிற்கிறது என்றால் வெட்டிவிடுங்கள், நிற்கவில்லை என்றால் அவரோடு உட்கார்ந்து பேசி மாற்று ஷாட் எடுங்கள்.